கைக்கருவி ஜிபிஎஸ்ஸில் பதிவான தடங்களைக் கணினிக்கு மாற்றுதல்: நேரக்குறிப்பு கெடாமல் காக்கும் முழு வழிகாட்டி

கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவி, நாம் நடக்கும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், நேரம் ஆகிய நான்கு விவரங்கள் இருக்கும். திரையில் நாம் காணும் கோடு இந்தப் புள்ளிகளை இணைத்து வரைந்ததுதான். கணினிக்கு மாற்றும்போது கோடு வந்து சேர்ந்தாலே வேலை முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நான்காவது விவரமாகிய நேரம் இடையில் உதிர்ந்துபோயிருப்பதை, அது தேவைப்படும் நாளில்தான் கவனிக்கிறார்கள். நேரம் போய்விட்டால் எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் சென்றோம் என்று கணக்கிட முடியாது. அன்று எடுத்த புகைப்படங்களை அந்தந்த இடத்தோடு பொருத்த முடியாது. பயனர்களே சேர்ந்து உருவாக்கும் இணைய நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளம் அத்தகைய கோப்பை ஏற்பதும் இல்லை. தொலைந்த நேரக்குறிப்பை எந்த மென்பொருளாலும் பின்னர் மீட்டுத் தர இயலாது.

ஆகவே இந்த வழிகாட்டியின் நோக்கம் ஒன்றுதான்: கருவி பதிவு செய்த மூலப்பதிவை, ஒரு புள்ளியும் குறையாமல், நேரத்தோடு கணினிக்குக் கொண்டுவருவது. களப்பணியாளர்களிடமும் மலையேறுவோரிடமும் பரவலாக இருக்கும் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் வரிசைக் கருவிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். படிகள் வரிசையாக இருப்பதால், கருவியைக் கையில் வைத்துக்கொண்டே படித்துச் செய்யலாம்.

முதல் படி: கருவி எந்த வகை என்று அறிதல்

ஒரே நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், அது கணினியோடு பேசும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால், இல்லாத டிரைவைத் தேடியே அரை நாள் போய்விடும்.

மிகப் பழையவை சீரியல் வகை. 2000ஆம் ஆண்டில் வந்த மஞ்சள் நிற ஈட்ரெக்ஸும், பின்னர் வந்த ஈட்ரெக்ஸ் எச்சும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் யுஎஸ்பி துளை இருக்காது. தனிப்பட்ட சீரியல் கேபிள் தேவைப்படும். இரண்டாம் வகையில் யுஎஸ்பி துளை உண்டு, ஆனால் சாதாரண நிலையில் கருவி கணினியில் டிரைவாகத் தோன்றாது. கார்மினின் சொந்த நெறிமுறையில் மட்டுமே பேசும். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ், ஈட்ரெக்ஸ் விஸ்டா எச்சிஎக்ஸ், லெஜண்ட் எச்சிஎக்ஸ் ஆகியவை இவ்வகை. மூன்றாம் வகை, பென்டிரைவ் போலவே திறந்துகொள்வது. டகோட்டா, ஓரிகான், ஜிபிஎஸ்மேப் 62, 64, 78, 2011இல் வந்த ஈட்ரெக்ஸ் 10, 20, 30, 2019இல் வந்த 22எக்ஸ், 32எக்ஸ் ஆகியவை இதில் அடங்கும். இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதால், இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஜிபிஎஸ்மேப் 66, 67 போன்ற புதியவை நான்காம் வகை. அவற்றில் சில கூடுதல் அமைப்புகளைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: கேபிளைச் சோதித்தல்

ஈட்ரெக்ஸ் 10 முதல் 32எக்ஸ் வரை மினி யுஎஸ்பி துளைதான். ஜிபிஎஸ்மேப் 66க்கு மைக்ரோ யுஎஸ்பியும், 67க்கு சி வகைக் கேபிளும் வேண்டும். துளையில் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஒரு கேபிளை நம்பிவிடக்கூடாது. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே விற்கப்படும் மலிவான கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது. அப்படிப்பட்ட கேபிளைச் செருகினால் கருவி உயிர்பெறும், திரை ஒளிரும், ஆனால் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. "கருவி பழுதாகிவிட்டது" என்று கைவிடப்படும் பல கருவிகளில் உண்மையான குறை கேபிளில்தான் இருக்கிறது. வேறொரு கருவியில் கோப்பு மாற்றிப் பார்த்து, தரவு கடத்துவது உறுதியான ஒரு கேபிளைத் தனியே ஒதுக்கி, அதன்மேல் அடையாளம் ஒட்டி வைப்பது நல்லது.

கருவியின் துளையில் மண்ணும் ஈரமும் சேர்வதும் வழக்கம். ரப்பர் மூடியைத் திறந்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளாகப் பிரித்துக்கொடுக்கும் யுஎஸ்பி ஹப்களைத் தவிர்த்து, கணினியிலேயே நேராக இணைத்தால் தொல்லை குறையும்.

மூன்றாம் படி: இணைக்கும் முன் கருவியில் செய்ய வேண்டியவை

வேலை முடிந்த இடத்திலேயே பதிவை நிறுத்தும் பழக்கம் வேண்டும். செட்டப் பட்டியலில் டிராக்ஸ் என்ற பகுதியில் டிராக் லாக் என்ற அமைப்பு இருக்கும்; அதைப் "பதிவு செய்யாதே" என்ற நிலைக்கு மாற்றலாம், அல்லது கருவியையே அணைத்துவிடலாம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் கருவியை மேசையில் வைத்தால், கூரைக்கு அடியில் சமிக்ஞை சிதறி, கோட்டின் கடைசிப் பகுதி நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும்.

இங்கே "சேவ் டிராக்" என்ற பொத்தானைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். 60சிஎஸ்எக்ஸ், லெஜண்ட் எச்சிஎக்ஸ் போன்ற பழைய கருவிகளில் ஓடும் பதிவு, அதாவது நடக்க நடக்கக் கருவி எழுதிக்கொண்டே வரும் தடம், 10,000 புள்ளிகள் வரை தாங்கும். ஆனால் அதைச் சேமித்தால் கருவி அதை 500 புள்ளிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேரத்தை நீக்கிவிடுகிறது. நினைவகம் அரிதாக இருந்த காலத்து வடிவமைப்பு அது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சேமித்துவிட்டு, ஓடும் பதிவை அழித்தவர்களிடம் எஞ்சுவது நேரமில்லாத மெலிந்த கோடு மட்டுமே. எனவே பழைய கருவியாக இருந்தால் சேமிக்காதீர்கள். ஓடும் பதிவை அப்படியே கணினிக்கு எடுங்கள். 2011 முதல் வந்த ஈட்ரெக்ஸ்களில் இந்தக் குறை நீங்கிவிட்டது. அவற்றில் சேமித்தாலும் நேரம் தங்குகிறது.

புதிய ஜிபிஎஸ்மேப் 66, 67 கருவிகளில் வேறு இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிவு எந்த வடிவில் எழுதப்படுகிறது என்பது. இயல்பாக அவை ஃபிட் என்ற வடிவில் எழுதும்; ரெக்கார்டிங் அமைப்பில், பெரும்பாலான மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவமான ஜிபிஎக்ஸிலும் சேர்த்து எழுதும்படி மாற்றிக்கொண்டால் பின்னர் வடிவம் மாற்றும் வேலை மிச்சமாகும். மற்றொன்று, சிஸ்டம் பட்டியலில் உள்ள யுஎஸ்பி மோட். அது எம்டிபி நிலையில் இருந்தால் விண்டோஸில் கருவி தெரியும், ஆனால் மேக் கணினியின் ஃபைண்டரில் தெரியாது. மேக் பயன்படுத்துவோர் அதை மாஸ் ஸ்டோரேஜ் நிலைக்கு, அதாவது பென்டிரைவ் போல் டிரைவாகத் தோன்றும் நிலைக்கு, மாற்றிவிட்டு இணைக்க வேண்டும்.

நான்காம் படி: இணைத்து, கோப்பைக் கண்டுபிடித்து, நகலெடுத்தல்

கேபிளைச் செருகியதும் கருவியின் திரையில் கணினியோடு இணைந்த படம் தோன்றும். ஈட்ரெக்ஸில் இன்டர்ஃபேஸ் அமைப்பு கார்மின் ஸ்பானர் என்று இருந்தால், மாஸ் ஸ்டோரேஜ் நிலைக்குப் போகட்டுமா என்று கருவி கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். கருவியில் பெரிய நிலப்படங்கள் இருந்தால் டிரைவ் தோன்றச் சற்றுத் தாமதமாகலாம். பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிவிட வேண்டாம். பின்னர் விண்டோஸில் கார்மின் என்ற பெயரில் ஒரு டிரைவ் தெரியும். உள்ளே மைக்ரோ எஸ்டி அட்டை போட்டிருந்தால் அது இன்னொரு டிரைவாகத் தனியே தெரியும். இரண்டிலும் தேட வேண்டியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கார்மின் டிரைவுக்குள் கார்மின் என்ற கோப்புறை, அதற்குள் ஜிபிஎக்ஸ் என்ற கோப்புறை. நமக்கு வேண்டியவை எல்லாம் இதற்குள்தான் நான்கு விதமாகப் பிரிந்து கிடக்கின்றன. கரண்ட் என்ற உள்கோப்புறையில் கரண்ட்.ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு இருக்கும். ஓடும் பதிவு இதுதான். ஆர்கைவ் என்ற உள்கோப்புறையில், கருவி தானாகவே ஒதுக்கிவைத்த பழைய பதிவுகள் இருக்கும். ஜிபிஎக்ஸ் கோப்புறையிலேயே, நீங்கள் பெயர் கொடுத்துச் சேமித்த தடங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றோடு வேபாயின்ட்ஸ் என்று தொடங்கித் தேதியோடு முடியும் பெயர்களில் வேறு சில கோப்புகளும் கிடக்கும். நடையின்போது நீங்கள் குறித்த இடங்கள், அதாவது மதகு, கோயில், முகாம், நீரூற்று போன்றவை, நாளுக்கு ஒரு கோப்பாக இவற்றில் பதிவாகியிருக்கும். தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிடுவது மிகப் பரவலான குறை. கோடு மட்டும் வந்து, அந்தக் கோட்டில் என்ன இருந்தது என்பது வராமல் போனால் களப்பணியின் பாதி வீண்.

ஆர்கைவ் கோப்புறை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஈட்ரெக்ஸ் 20, 30 கருவிகளின் ஓடும் பதிவு 10,000 புள்ளிகளைக் கொள்ளும். நொடிக்கு ஒரு புள்ளி என்று அமைத்திருந்தால் அது 2 மணி 46 நிமிடத்தில் நிரம்பிவிடும்; 5 நொடிக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 14 மணி நேரம் வரும்; 10 மீட்டருக்கு ஒன்று என்றால் 100 கிலோமீட்டர். நிரம்பியதும் கருவி அதை ஆர்கைவுக்குத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. காலை முழுக்க நடந்தவருக்கு கரண்ட் கோப்பில் பிற்பகல் மட்டுமே இருந்தால், காலைப் பகுதி ஆர்கைவில் காத்திருக்கிறது என்று பொருள். ஆட்டோ ஆர்கைவ் என்ற அமைப்பில், நிரம்பும்போது, நாள்தோறும், வாரந்தோறும் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். களப்பணிக்கு நாள்தோறும் என்பதே ஏற்றது, ஏனெனில் ஒரு நாளின் வேலை ஒரு கோப்பாகப் பிரிந்துவிடும்.

எனவே தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டாம். கணினியில் அன்றைய தேதியில் ஒரு கோப்புறையை உருவாக்கி, கருவியின் ஜிபிஎக்ஸ் கோப்புறை முழுவதையும் அதற்குள் நகலெடுங்கள். 10,000 புள்ளிகள் கொண்ட கோப்புகூட ஒன்றிரண்டு எம்பிக்கு மேல் போகாது என்பதால் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நகலெடுக்கத்தான் வேண்டுமே தவிர, வெட்டி ஒட்டக்கூடாது. மாற்றும் நடுவில் கேபிள் கழன்றால், வெட்டி ஒட்டும் முறையில் இரு பக்கமும் இழக்க நேரிடலாம். கருவியில் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து திருத்துவதும் கூடாது. கருவியின் கார்மின் கோப்புறையில் உள்ள மற்றவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில, கருவி இயங்கவே தேவைப்படுபவை.

முடிந்ததும் விண்டோஸில் பாதுகாப்பாக நீக்கும் வசதியின் வழியாகவும், மேக்கில் எஜெக்ட் கொடுத்தும், லினக்ஸில் அன்மவுன்ட் செய்தும் மட்டுமே கேபிளைக் கழற்ற வேண்டும். மேக்கில் இன்னொன்றும் உண்டு. கருவியிலிருந்து எதையாவது நீக்கினால், குப்பைத்தொட்டியையும் காலிசெய்யும் வரை அது கருவியின் மறைவான கோப்புறை ஒன்றில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும்.

பழைய கருவிகளுக்கு: ஜிபிஎஸ்பேபல்

இரண்டாம் வகைக் கருவிகளை விண்டோஸில் இணைப்பதற்கு முன் கார்மினின் யுஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பிறகு ஜிபிஎஸ்பேபல் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவித் திறந்தால், மேல்பாதியில் உள்ளீடும் கீழ்ப்பாதியில் வெளியீடும் கேட்கும் ஒரு சாளரம் வரும். உள்ளீட்டில் கோப்பு என்பதற்குப் பதிலாகக் கருவி என்பதைத் தேர்ந்து, வடிவமாக கார்மின் சீரியல்/யுஎஸ்பி நெறிமுறையையும், கருவியின் பெயராக யுஎஸ்பி என்பதையும் கொடுங்கள். எவற்றை மாற்ற வேண்டும் என்று கேட்கும் பகுதியில் வேபாயின்ட், டிராக் இரண்டையும் குறியிடுங்கள். வெளியீட்டில் கோப்பு, வடிவம் ஜிபிஎக்ஸ் என்று தேர்ந்து, கோப்புப் பெயரைக் கொடுத்துச் செயல்படுத்தினால், ஓடும் பதிவும் சேமித்த தடங்களும் ஒரே கோப்பாக வந்துவிடும். அந்தக் கோப்பில் நேரத்தோடு இருப்பது ஓடும் பதிவு. நேரமின்றி இருப்பவை சேமித்தவை.

லினக்ஸில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு தடை குறுக்கிடும். கர்னலில் உள்ள கார்மின்_ஜிபிஎஸ் என்ற தொகுதி கருவியை முதலில் பிடித்துக்கொள்வதால் ஜிபிஎஸ்பேபலுக்கு அது கிடைக்காமல் போகும். அந்தத் தொகுதியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு, சாதாரணப் பயனரும் கருவியை அணுகும்படி யுடெவ் விதி ஒன்றை எழுதினால் வேலை நடக்கும்.

சீரியல் கருவிகளுக்கும் இதே ஜிபிஎஸ்பேபல்தான். இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் துளை இல்லாததால் யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் இணைப்பான் ஒன்று வேண்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதற்கு எந்த காம் எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஜிபிஎஸ்பேபலில் கொடுக்க வேண்டும். கருவியின் இன்டர்ஃபேஸ் அமைப்பு என்எம்இஏ என்று இருந்தால் தடம் வராது; அது கார்மின் என்ற நிலையில் இருக்க வேண்டும். வேகம் 9,600 பாட் மட்டுமே என்பதால் முழுப் பதிவும் வந்து சேரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

60சிஎஸ்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. டிராக்ஸ் பக்கத்தின் டேட்டா கார்டு அமைப்பில், தடத்தை அட்டையிலும் பதிவு செய் என்பதைக் குறியிட்டுவிட்டால், கருவி நாளுக்கு ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பை மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டே வரும். அதில் 10,000 புள்ளி வரம்பும் இல்லை, நேரமும் உதிர்வதில்லை. செட்டப்பில் இன்டர்ஃபேஸ் பகுதியில் யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்பதை அழுத்தினால் அந்த அட்டை கணினியில் டிரைவாகத் திறக்கும்.

ஐந்தாம் படி: வந்து சேர்ந்ததைச் சரிபார்த்தல்

கோப்பு நகலாகிவிட்டது என்பதும், தரவு முழுதாக வந்துவிட்டது என்பதும் வேறு வேறு. ஜிபிஎக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். திறந்தால் டிஆர்கேபிடி என்ற குறியோடு தொடங்கும் பகுதிகள் அடுக்கடுக்காகத் தெரியும்; அவை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அதற்குள் ஈஎல்இ என்ற குறிக்குள் உயரமும், டைம் என்ற குறிக்குள் நேரமும் இருக்க வேண்டும். உயரம் எப்போதும் மீட்டரில்தான் இருக்கும். கருவித் திரையில் அடிக்கணக்கில் காட்டும்படி வைத்திருந்தாலும் கோப்பில் மாறாது. டைம் குறியே கண்ணில் படவில்லை என்றால், நீங்கள் எடுத்து வந்தது மூலப்பதிவு அன்று. கருவியில் உள்ளதை அழிக்காமல் மீண்டும் தேடுங்கள். கோப்பின் கடைசி வரியையும் பாருங்கள். ஜிபிஎக்ஸ் என்ற குறி மூடப்பட்டு முடிந்திருக்க வேண்டும். பாதியில் அறுந்திருந்தால் மீண்டும் நகலெடுக்க வேண்டும்.

நேரத்தைப் பார்த்ததும் பலர் திகைப்பார்கள். காலை 6 மணிக்குத் தொடங்கிய நடை, கோப்பில் 00:30 என்று இருக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும். கடைசியில் இருக்கும் இசட் என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் எட்டு மணி நேரம். அதிகாலை 4 மணிக்கு மலையேறத் தொடங்கியவரின் முதல் புள்ளி முந்தைய நாள் தேதியில் 22:30 என்று இருக்கும். இது பிழையன்று, கோப்பில் திருத்தவும் கூடாது. மென்பொருள்கள் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் தேதியே பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் அது உண்மையான பிழை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் எண்ணிய வார எண்ணை 10 பிட்டில் அனுப்புகின்றன. 1,024 வாரங்கள் ஆனதும் அது மீண்டும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இதற்கேற்ற புதிய மென்பொருள் கிடைக்காத பழைய கருவிகள் தேதியை 7,168 நாள்கள் முன்னதாகக் காட்டும். 2024 டிசம்பர் 15 அன்று நடந்த நடை 2005 மே 1 என்று பதிவாகும். வாரங்கள் முழு எண்ணாகவே தவறுவதால் கிழமை மட்டும் சரியாக இருக்கும். மணியும் நிமிடமும் சரியாக இருக்கும். ஜிபிஎஸ்பேபலின் வடிகட்டிகள் பகுதியில் டிராக்ஸ் என்பதற்குள் நேரத்தை நகர்த்தும் வசதி இருக்கிறது. அதில் 7,168 நாள்களைக் கூட்டிவிட்டால் தேதி சரியாகிவிடும். இந்தத் திருத்தத்தையும் நகல் கோப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.

ஆறாம் படி: மூலத்தைப் பூட்டி வைத்தல்

சரிபார்த்த கோப்புகளை மூலம் என்ற கோப்புறையில் வைத்து, படிக்க மட்டும் என்ற பண்பை இட்டுவிடுங்கள். பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, இடத்தையும் கருவியையும் சேர்த்து வையுங்கள். அப்போது கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். கரண்ட்.ஜிபிஎக்ஸ் என்ற பெயரையே அப்படியே விட்டால், அடுத்த முறை நகலெடுக்கும்போது பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். வேறொரு வட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ இன்னொரு நகல் இருக்கட்டும். வெட்டுவது, ஒட்டுவது, சிதறிய புள்ளிகளை நீக்குவது எல்லாம் வேலை என்ற மற்றொரு கோப்புறையில் உள்ள நகல்களில்தான் நடக்க வேண்டும். ஃபிட் வடிவக் கோப்புகளை ஜிபிஎஸ்பேபல் கொண்டு ஜிபிஎக்ஸாக மாற்றினாலும், மூல ஃபிட் கோப்பைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஏழாம் படி: பயன்படுத்துதல்

வெறுமனே பார்க்க வேண்டும் என்றால் கூகுள் எர்த் ப்ரோவில் திறந்தால் போதும். அது தடத்தைத் தரைமட்டத்தோடு ஒட்டட்டுமா என்று கேட்கும். பார்வைக்கு மட்டும் என்றால் ஒட்டலாம். கார்மினின் பேஸ்கேம்ப் மென்பொருளிலும் திறக்கலாம்.

அளக்க வேண்டும் என்றால் நிலப்படத் தரவுகளை ஆராயும் கட்டற்ற மென்பொருளான கியூஜிஐஎஸ் சிறந்தது. ஜிபிஎக்ஸ் கோப்பை அதன் சாளரத்தில் இழுத்துவிட்டால் வேபாயின்ட்ஸ், ரூட்ஸ், டிராக்ஸ், டிராக் பாயின்ட்ஸ் எனப் பல அடுக்குகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். டிராக்ஸ் என்பது கோடு மட்டுமே. அதில் புள்ளிவாரியான நேரம் இல்லை. நேரமும் உயரமும் டிராக் பாயின்ட்ஸ் அடுக்கில்தான் இருக்கின்றன. இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஜியோபேக்கேஜ் வடிவில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஷேப்ஃபைலில் ஏற்றினால் புலப்பெயர்கள் 10 எழுத்துகளில் வெட்டுப்படும்.

ஜிபிஎக்ஸில் உள்ள ஆயத்தொலைகள் டபிள்யூஜிஎஸ் 84 முறையில், பாகையில் இருக்கும். நீளத்தையும் பரப்பையும் மீட்டரில் கணக்கிட, பூமியை நெட்டாங்கு மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றுவது வழக்கம். இங்கே தமிழ்நாட்டுக்கென ஒரு சிக்கல் உண்டு. மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கிழக்கு நெட்டாங்கு தமிழ்நாட்டின் நடுவே, திண்டுக்கல்லை ஒட்டிச் செல்கிறது. கோவை, நீலகிரி, ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி நகரங்கள் 43ஆம் மண்டலத்திலும், சென்னை, திருச்சி, மதுரை, சேலம், தூத்துக்குடி நகரங்கள் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. இலங்கை முழுவதும் 44க்குள் அடங்கிவிடுகிறது. கியூஜிஐஎஸ்ஸில் இவற்றுக்கான எண்கள் இபிஎஸ்ஜி 32643, 32644. ஒரே ஆய்வில் இரு பக்கமும் தடங்கள் இருந்தால், ஏதாவது ஒரு மண்டலத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கே மாற்றுங்கள், கலக்கக் கூடாது.

உயரத்தைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கை. கார்மின் கருவிகள் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு எழுதுகின்றன. ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசிச் செயலிகளில் சில, பூமியின் கணித வடிவமாகிய நீள்வட்டத் திண்மத்திலிருந்து அளந்த உயரத்தை அப்படியே எழுதிவிடுகின்றன. உலகிலேயே ஈர்ப்புவிசைசார் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே அது அந்தத் திண்மத்தைவிடச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. அதன் அருகில் நாம் இருப்பதால், இராமேசுவரக் கடற்கரையில் அத்தகைய செயலியோடு நின்றால் உயரம் கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். கைபேசித் தடத்தையும் கைக்கருவித் தடத்தையும் ஒன்றாகச் சேர்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் போனால், மலையின் உயரமே மாறிவிடும்.

புகைப்படங்களோடு பொருத்துவதற்கு டிஜிகாம், ஜியோசெட்டர், எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருள்கள் உதவும். இவை படத்தில் பதிவான நேரத்தையும் தடத்தில் உள்ள நேரத்தையும் ஒப்பிட்டு, படத்துக்குள் ஆயத்தொலையை எழுதுகின்றன. கேமராவின் கடிகாரம் சில நிமிடங்கள் தவறியிருந்தால் படங்கள் அத்தனையும் இடம் மாறிப்போகும். அதனால் நடையின் தொடக்கத்தில் கருவியின் கடிகாரத் திரையை ஒருமுறை படம் எடுத்துவிடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா குறித்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருளில் கொடுத்தால் துல்லியமாகப் பொருந்தும். நேர மண்டலமாக ஐந்தரை மணி நேரத்தையும் மறக்காமல் கொடுக்க வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற விரும்புவோர், முதலில் வேலை நகலில் வீட்டை ஒட்டிய சில நூறு மீட்டரை வெட்டிவிடுங்கள். நேரத்தோடு உள்ள தடம், நீங்கள் எப்போது வீட்டில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அரிய பறவைகளின் கூடுகளையோ காவலற்ற தொல்சின்னங்களையோ தொட்டுச் செல்லும் தடங்களைப் பொதுவில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எட்டாம் படி: கருவியை அடுத்த பயணத்துக்குத் தயார்செய்தல்

மூலம் இரண்டு இடங்களில் இருக்கிறது, திறந்து பார்த்தாயிற்று, நேரமும் இருக்கிறது என்று உறுதியான பிறகே இதற்கு வர வேண்டும். டிராக் மேனேஜரில் கரண்ட் டிராக்கைத் தேர்ந்து, கிளியர் கரண்ட் டிராக் என்பதை அழுத்துங்கள். ஆர்கைவில் உள்ளவற்றைக் கணினியோடு இணைத்து நீக்கலாம். ஜிபிஎக்ஸ் கோப்புகள் மிகுதியாகச் சேர்ந்தால் கருவி இயங்கத் தொடங்குவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் இது தேவையான வேலைதான். பிறகு செட்டப்பில் டிராக்ஸ் பகுதிக்குச் சென்று, டிராக் லாக்கை மீண்டும் பதிவு நிலைக்கு மாற்றி, பதிவு முறையை நேரம் என்றும் இடைவெளியை 5 நொடி என்றும், ஆட்டோ ஆர்கைவை நாள்தோறும் என்றும் வையுங்கள். ஏரிக்கரை, வரப்பு போன்றவற்றின் எல்லையை அளக்கச் செல்பவர்கள், நின்று நின்று போக வேண்டியிருப்பதால், தூரம் என்ற முறையில் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிவது குறையும். எஞ்சியிருப்பது மின்கலங்களை மாற்றுவதும், துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடுவதும்தான்.